ஈயக் குமிழ்

என் புருஷனை வோல்தியோ மன்னித்துவிட்டார். ஆற்றங்கரைப் புல்வெளியில், இரண்டு கரை ஜனங்களும் கூடியிருந்த இடத்தில், அகலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நான் மன்னிச்சிட்டேன்" என்றார். எதற்கு மன்னித்தார் என்று அன்றைக்கும் கேட்டேன், அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். பதில் சொல்ல வேண்டிய மனிதர் போன மாதம் செத்துப்போனார். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் நெர்க்கா. என் புருஷன் மோல்தோ குதிரை மேய்க்கிறவன். எங்களுக்கென்று நாலைந்து பெட்டைக் குதிரைகள் உண்டு. மற்றவை எல்லாம் ஊரார் குதிரைகள். அதேசி ஆற்றின் தென்கரையில் நல்ல புல் முளைக்கிற தாழ்வு நிலம் முழுவதும் வோல்தியோவுடையது. அவர் நிலத்தில் மேய்த்து, அவர் துறையில் தண்ணீர் காட்டி, வருஷத்துக்கு ஒரு குட்டியை அவர் லாயத்தில் கொண்டுபோய்க் கட்டுவோம். இதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. நிலம் அவருடையது, வாங்கிக்கொள்கிறார். குமிழ்ச் சண்டை அப்படியில்லை. அது தனி மனிதர் யாருடைய சொத்தும் இல்லை.

வசந்தத்தில் வெள்ளம் வடிந்ததும் ரெய்த்தியா அம்மனுக்குத் திருவிழா. குதிரை ஓட்டம் முடிந்து, ஆடு வெட்டி, தெற்கிலிருந்து வந்த மது ஒரு சுற்று வந்த பிறகு கொம்பு ஊதுவார்கள். புல்வெளி நடுவே ஒரு முக்காலி, அதன்மேல் பரிசாக வெண்கலத் தலைக்கவசம். அதற்கு இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். உடம்பில் இடுப்பு வார் மட்டும். இரண்டு கையிலும் கைக்குமிழ்.

கைக்குமிழ் ஒரு சாண்கூட இல்லாத வெண்கலத் துண்டு. நடுவில் விரல்கள் அடங்குகிற பிடி. இரண்டு முனையிலும் முஷ்டிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற உருண்டை. அதைப் பிடித்துக் குத்தினால் கையின் பலத்தோடு உலோகத்தின் கனமும் சேர்ந்து வந்து இறங்கும். தெற்கே எத்ருஸ்கர்கள் முஷ்டியில் தோல்வாரைச் சுற்றிக்கொண்டு, குழல் ஊதுகிறவன் இழுக்கிற இழுப்புக்கு அடித்துக்கொள்வார்களாம். எங்கள் ஆட்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எங்கள் களத்தில் அடிபட்டவன் பல நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டான். அதனாலேயே விதிகள் கண்டிப்பானவை. விழுந்தவனை அடிக்கக் கூடாது. குமிழ் கையைவிட்டு நழுவினால் அந்தக் கணமே தோல்வி. இரண்டு ஜோடியும் ஒரே அச்சில் வார்த்து ஒரே எடையாக இருக்க வேண்டும். எதிராளி முதலில் எடுத்துக்கொள்வான். விழா நடத்துகிற வீட்டுக்காரன் மிச்சத்தை எடுத்துக்கொள்வான்.

விழா நடத்துவது வோல்தியோவின் வீடு. அந்த வருஷம் அவர் மகன் லெமெத்தோர் முதல் தடவையாகக் களத்தில் இறங்கினான். இருபதைத் தாண்டாத பையன். நல்ல உடம்பு. அதிகம் பேசமாட்டான், எங்கள் குதிரைகளிடம் வந்து சும்மா நின்றுகொண்டிருக்கப் பிடிக்கும் அவனுக்கு. மேய்ப்பர்கள் எல்லாரும் சேர்ந்து அவனுக்கு எதிராக மோல்தோவை நிறுத்தினார்கள். மோல்தோவுக்கு வயது கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் முரட்டுக் குதிரைகளோடு வளர்ந்தவன். உதை எந்தப் பக்கம் வரும் என்பது அது கிளம்புவதற்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்துவிடும்.

கொம்பு ஊதியதும் கம்பளித் துணியில் சுற்றிய இரண்டு ஜோடிகளையும் வோல்தியோவே எடுத்துக்கொண்டு வந்தார். பெட்டி அவர் வீட்டுப் பெட்டி, துணி அவர் வீட்டுத் துணி. மோல்தோ கையை நீட்டினான். வோல்தியோ சிரித்துக்கொண்டே அந்தக் கையை ஒதுக்கினார். பையனுக்கு முதல் சண்டை, பெற்றவள் உயிரோடு இல்லை, தகப்பன் கையால் முதலில் வாங்கினால் அவளே ஆசி கொடுத்த மாதிரி இருக்கும் என்று சொன்னார். தாயில்லாத பிள்ளை என்றதும் பக்கத்திலிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொண்டேன், அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது. மோல்தோ, "அதுக்கென்னங்கய்யா, சின்னவரே எடுத்துக்கட்டும்" என்று ஒதுங்கி நின்றான்.

முதல் அடியே சரியில்லை. லெமெத்தோரின் வலது கை மோல்தோவின் இடது முன்கையில் இறங்கியது. ஒவ்வொரு வருஷமும் கேட்கிற சத்தம் இல்லை அது. விறகு பிளக்கிற சத்தம். மோல்தோவின் முகம் வெளுத்துப்போயிற்று. எலும்பு விட்டுவிட்டது என்று வெளியே நின்ற எனக்கே தெரிந்தது. ஆனால் விரல்கள் திறக்கவில்லை. உடைந்த கையில் குமிழைப் பிடித்தபடியே அவன் பின்வாங்கினான்.

அதற்குப் பிறகு அவன் கையை ஓங்கவே இல்லை. முக்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தான். லெமெத்தோர் வீசினான், இவன் இல்லாத இடத்தில் அது போயிற்று. மறுபடி வீசினான், மறுபடியும் காற்று. கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. குதிரை மேய்க்கிறவன் குதிரை மாதிரியே ஓடுகிறான் என்று வோல்தியோவின் ஆட்கள் கேலி பேசினார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை, பையனின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்கிக்கொண்டே வந்தது. குமிழை ஓங்கப் பின்னால் கொண்டுபோனால் அது திரும்பி வர நேரம் பிடித்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். கடைசியில் ஒரு வீச்சு ஆளைத் தாண்டிப் போய், கையில் இருந்த கனமே அவனை இழுத்துக்கொண்டு தடுமாற வைத்தது. அப்போது மோல்தோ நல்ல கையால் அவன் தோளுக்குக் கீழே ஒரே ஒரு அடி கொடுத்தான். லெமெத்தோரின் விரல்கள் விரிந்தன. குமிழ் கீழே விழுந்தது.

மேய்ப்பர்கள் கூச்சலிட்டார்கள். என் முதுகில் யார் யாரோ தட்டினார்கள். தோற்றவன் குமிழை ஜெயித்தவன் எடுத்துக் கொடுப்பது எங்கள் மரியாதை. மோல்தோ தன் குமிழைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தான். விழுந்த குமிழ் புல்லுக்குள் பாதி புதைந்திருந்தது. அதை எடுத்தவன் உடனே நிமிரவில்லை. ஒரு தடவை கையில் வைத்து ஆட்டிப் பார்த்தான். பிறகு தன்னுடையதை எடுத்து ஆட்டிப் பார்த்தான்.

"இது ரொம்பக் கனமா இருக்கே" என்றான்.

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. காயம்பட்ட குதிரையைப் பார்த்து ஐயோ பாவம் என்பானே, அந்தக் குரல். ஆனால் கூட்டம் அடங்கிவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வோல்தியோ எழுந்து வந்தார். அந்த மனிதருக்குச் சட்டென்று ஓடுகிற மூளை. அதை நான் மறுக்கவில்லை.

"அப்ப உன்னுது லேசா இருக்குன்னு அர்த்தம்" என்றார். "ரெண்டும் ஒரே அச்சுல வார்த்தது. ஒண்ணு லேசா இருக்குன்னா உள்ள கொடஞ்சிருக்கணும். கொடஞ்சது யாரு?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. அவர் மோல்தோவைத்தான் கேட்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. அம்மன் கோயிலில் கம்பளி நிறுக்கிற தராசைக் கொண்டுவரச் சொன்னார். கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஃப்ரேமா அம்மாள் தானே தூக்கி வந்தாள். ஒரு தட்டில் லெமெத்தோரின் ஜோடி, இன்னொரு தட்டில் மோல்தோவின் ஜோடி. லெமெத்தோரின் தட்டு கல்லைப் போட்ட மாதிரி தரையில் போய் உட்கார்ந்தது. மோல்தோவின் ஜோடி ஆகாயத்தில் ஆடிக்கொண்டிருந்தது. வோல்தியோ அதைக் கூட்டத்துக்குச் சுட்டிக் காட்டினார். பாருங்கள், லேசான குமிழை வைத்துக்கொண்டு, என் பிள்ளை கை ஓயும்வரை ஓடி ஓடி ஜெயித்திருக்கிறான் என்றார்.

நான் களத்துக்குள் போனேன். பெண்கள் அங்கே கால் வைக்கக் கூடாது, வைத்தேன்.

"ஐயா, பெட்டி உங்க வீட்டுது" என்றேன். "நேத்து பூரா உங்க வீட்டுல இருந்துச்சு. இங்க கொண்டாந்தது நீங்க, கையில குடுத்தது நீங்க. எம் புருஷன் எப்பங்கய்யா கொடஞ்சான்? உங்க கையிலருந்து அவன் கைக்கு வர்றதுக்குள்ளயா?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் பரவியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். பரவவில்லை. நான் விடவில்லை. போன வருஷம் சண்டை போட்ட ஜோடி கோயில் சுவரில் தொங்குகிறது, அதை எடுத்து இந்த இரண்டோடும் நிறுத்துப் பாருங்கள், எது சரியான எடை, எதில் ஈயம் இருக்கிறது என்று தெரிந்துபோகும் என்றேன். ஃப்ரேமா அம்மாளைப் பார்த்துத்தான் சொன்னேன். ஐந்தாறு வயதில் எனக்கு நூல் நூற்கச் சொல்லிக் கொடுத்தவள், என் கல்யாணத்தில் தண்ணீர் தெளித்தவள். அம்மனுக்குக் கொடுத்ததைச் சுவரிலிருந்து இறக்கக் கூடாது என்று அவள் தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

வோல்தியோ பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "புருஷன் மாட்டிக்கிட்ட ஆத்திரத்துல பேசுது, பேசட்டும்" என்றார். அதற்கப்புறம்தான் தொப்பியைக் கழற்றினார். இத்தனை வருஷம் என் நிலத்தில் மேய்த்தவன், கை வேறு உடைந்துவிட்டது, தண்டிக்க எனக்கு மனமில்லை, நான் மன்னிச்சிட்டேன், தலைக்கவசம் என் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். பெரிய மனசு என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. கூட்டம் கலைந்தது. அத்தனை பேரும் காலைப் பார்த்துக்கொண்டு போனார்கள், கீழே எதையோ தொலைத்தவர்கள் மாதிரி.

அடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். திருடன் என்று சொல்லிக் கட்டிப்போட்டிருந்தால், இல்லை என்று நிரூபிக்க ஒரு வழி தேடியிருப்போம். மன்னிப்பை எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது? கேட்காத மனிதனுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றையிலிருந்து மோல்தோ ஊரில் மன்னிக்கப்பட்டவன். குழந்தைகள்கூட விளையாட்டில் ஒருத்தன் ஏமாற்றினால், மோல்தோவை விட்ட மாதிரி உன்னை விட்டேன் போ என்று பேசிக்கொண்டார்கள்.

மோல்தோவின் கையை மரப்பட்டை வைத்துக் கட்டினேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன், கட்டி முடித்ததும் சிரித்தான். அந்தப் பையனைப் பார்த்தால்தான் பாவமாக இருந்தது, அத்தனை கனத்தைத் தூக்கிக்கொண்டு அவன் அவ்வளவு நேரம் நின்றதே பெரிது என்றான். அந்தப் பட்டையாலேயே இன்னொரு அடி போடலாமா என்று இருந்தது எனக்கு.

ஊர் என் வீட்டுக்கு வந்தது. சுடு பால் கொண்டுவந்தார்கள், பாலாடைக்கட்டி கொண்டுவந்தார்கள். குமிழ் வார்த்த கன்னான் உர்க்கோவின் பெண்டாட்டி ஒரு கூடை அவரைக்காயோடு வந்து, அடுப்புப் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். பனிக்காலத்திலேயே வோல்தியோ பட்டறைக்கு வந்ததாகவும், ஒரு ஜோடி உருண்டைக்குள் ஈயம் ஊற்றச் சொன்னதாகவும், கனமாக இருந்தால் ஒரே அடியில் எதிராளி விழுவான் என்று அவர் கணக்குப் போட்டதாகவும் சொன்னாள். சொல்லிவிட்டு, என் பெயர் வரக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சில நாளில் அது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆற்றுத் துறையில் தெரியும், லாயத்தில் தெரியும், கோயிலில் தெரியும். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள்: யாரு ஜெயிச்சதுன்னு எங்களுக்குத் தெரியாதா நெர்க்கா, விடு.

தெரியும் என்றால் அதைச் சொல்லுங்களேன் என்று கேட்டேன். என் அடுப்பு முன்னால் சொல்வதை அவர் வாசலில் போய்ச் சொல்லுங்கள் என்றேன். சொன்ன அன்றையோடு பால் வருவது நின்றுபோயிற்று.

கட்டுப் பிரிக்கிற சமயத்தில் ஒருநாள் காலையில், பனிமூட்டம் விலகுவதற்கு முன்னால், லெமெத்தோர் வந்தான். மோல்தோ பெட்டைக் குதிரையைக் கறந்துகொண்டிருந்தான், ஒரு கையால். பையனின் கக்கத்தில் ஆட்டுத்தோல் மூட்டை. அவிழ்த்தான். தலைக்கவசம்.

"அண்ணே, இது உங்களுது" என்றான். "எனக்குத் தெரியாது. கையில வாங்கினப்பவே கனமாத்தான் இருந்துச்சு. மொதச் சண்ட, பயத்துல கை கனக்குதுன்னு நெனச்சேன்."

மோல்தோ கறப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தான். லெமெத்தோரின் வாய் கோணிக்கொண்டது. அழப் போகிறான் என்று நினைத்தேன். அழவில்லை, அது கோபம். "எங்கப்பா என்னைய ஜெயிக்க வைக்கப் பாத்தாருன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படி இல்லண்ணே. நான் தோத்துருவேன்னு அவரு மொதல்லயே முடிவு பண்ணிட்டாரு. பனிக்காலத்துலயே பண்ணிட்டாரு."

மோல்தோ எழுந்து நல்ல கையை நீட்டினான், வாங்கிக்கொள்ளத்தான். பையன் மனசு நோகக் கூடாது என்பது அவன் எண்ணம். நான் குறுக்கே போய் நின்றேன்.

"மூடிக் கொண்டாந்தத மூடியே எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றேன். "இத வீட்டுக்குள்ள வச்சா நாளைக்கு உங்கப்பா திருட்டுப் போச்சும்பாரு. அதுக்கும் மன்னிச்சு விடுவாரு. உண்மையிலயே குடுக்கணும்னு இருந்தா எல்லாரும் இருக்கிற எடத்துல குடுங்க. பறிச்சது அங்கதான."

"விடு புள்ள, சின்னப் பையன்" என்றான் மோல்தோ.

"சின்னப் பையன்தான் உன் கைய ஒடச்சான்" என்றேன்.

லெமெத்தோர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனான். அன்று முழுவதும் மோல்தோ என்னோடு பேசவில்லை. புருஷனைப் பகைத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு.

அடுத்த வசந்தம் வந்தது. முக்காலி வைத்தார்கள், அதே தலைக்கவசத்தை வைத்தார்கள். அதை மறுபடி பரிசாக வைக்க எப்படி மனசு வந்ததோ. கொம்பு ஊதினார்கள். லெமெத்தோருக்கு எதிராக யாரும் வரவில்லை. மறுபடி ஊதினார்கள். வோல்தியோ பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். ஒருவனுக்கு முழங்கால் வீக்கம். ஒருவனுடைய குதிரைக்கு அன்றைக்குத்தான் பிரசவ நேரம். வடகரையிலிருந்து வந்த ஒரு தடியன், எல்லாருக்கும் கேட்கும்படி, "எனக்கு எடையெல்லாம் பாக்கத் தெரியாதுங்க" என்றான். போன வருஷம் பரவாமல் நின்ற சிரிப்பு இப்போது பரவியது. ஒருவரும் அதைப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. என்னிடம் யாரும் சொல்லவும் இல்லை. என் அடுப்பு முன்னால் காலைப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஜனங்கள்தான், இப்போது நேராக வோல்தியோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் இருந்த கோபத்தில் பாதி அன்றைக்குப் போயிற்று.

அப்போது லெமெத்தோர் களத்துக்கு நடுவே வந்தான். கையில் இருந்த குமிழ் இரண்டையும் புல்லில் வைத்தான். போன வருஷம் தன் குமிழில் ஈயம் இருந்தது, அப்படியும் தான் தோற்றுப்போனதாகச் சொன்னான். அவனுக்குப் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் சொன்னான். தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு ஜனங்களுக்குள் நுழைந்து, மோல்தோ உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து அவன் மடியில் வைத்தான். மோல்தோ எழுந்து பையனைக் கட்டிக்கொண்டான். கோணலாகச் சேர்ந்திருந்த அந்த இடது கையும் அவன் முதுகில் இருந்தது.

நான் வோல்தியோவைப் பார்த்தேன். அந்த ஒரு தடவை அவர் வாயைத் திறந்து, ஆமாம், செய்தேன் என்று சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் விட்டிருப்பேன். சத்தியமாக விட்டிருப்பேன். அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். நாலு நாள் கழித்து ஆள் அனுப்பி, இனிமேல் மோல்தோவின் குதிரைகள் தாழ்வு நிலத்தில் மேயக் கூடாது, துறையில் தண்ணீர் காட்டக் கூடாது என்றார். மகனைக் குதிரை விற்கத் தெற்கே அனுப்பிவிட்டார். பல வருஷம் அவன் ஊர்ப்பக்கம் வரவில்லை.

நாங்கள் வடகரைக்குப் போனோம். அங்கே மோல்தோவின் அத்தை மகன் ஒருவன் இருந்தான். கல்லும் முள்ளுமான மேட்டு நிலம்தான் கிடைத்தது. குதிரைகள் மெலிந்தன. அவசரத்தில் ஒன்றை விற்க வேண்டியிருந்தது. தலைக்கவசம் கூரை மரத்தில் தொங்கியது. யாராவது வந்து அதைப் புகழ்ந்து பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வெண்கலப் பாத்திரத்துக்காகவா நான் சண்டை போட்டேன்?

வடகரையிலும் குமிழ்ச் சண்டை உண்டு. முதல் வருஷம் நான் ஒன்று கேட்டேன்: பாதிச் சண்டையில் கொம்பு ஊதட்டும், இருவரும் குமிழை மாற்றிக்கொள்ளட்டும். யார் எதில் ஈயம் ஊற்றினாலும் பாதி நேரம் அது எதிராளி கையில் இருக்கும் இல்லையா? சண்டைக்காரர்களுக்கு அது அவமானமாகத் தோன்றியது. எங்களை நம்பவில்லையா என்றார்கள். நம்பித்தான் என் புருஷன் கை கோணிப்போயிற்று என்றேன். அவர்கள் அந்தக் கையைப் பார்த்தார்கள். இப்போது அங்கே மாற்றிக்கொள்கிறார்கள்.

போன மாதம் வோல்தியோ செத்த செய்தி வந்தது. மோல்தோ போக வேண்டும் என்றான். செத்தவரோடு என்ன சண்டை என்பது அவன் கட்சி. நானும் போனேன், சாம்பலாகிற வரை பார்க்கலாம் என்றுதான் போனேன். லெமெத்தோர் திரும்பி வந்திருந்தான். தாடி வைத்து, பெரிய மனிதனாக, அதே அகலத் தொப்பியோடு. எங்களைக் கண்டதும் ஓடி வந்து, மோல்தோவின் கையைப் பிடித்துக்கொண்டான். தாழ்வு நிலத்துக்குத் திரும்பி வந்துவிடுங்கள், அண்ணே, எவ்வளவு வேண்டுமானாலும் மேயுங்கள் என்றான். நல்ல பிள்ளைதான்.

பிறகு சாம்பல் போடுகிற வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புது வெண்கலம், பளபளவென்று. உர்க்கோவின் பட்டறை வேலை. மேல் வரிசையில் குதிரைகள். நடுவரிசையில் பெரிய மனிதர்கள் மது குடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்தாற்போல் முக்காலியும் தலைக்கவசமும், அதற்கு இரு பக்கமும் இரண்டு சண்டைக்காரர்கள். இரண்டு பேருக்கும் ஒரே உடம்பு, ஒரே நிமிர்வு. நாலு கையிலும் ஒரே அளவு குமிழ். தலைக்கவசம் நடுவில், யாருக்கும் இல்லாமல்.

எல்லாரும் வேலைப்பாட்டைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். நான் லெமெத்தோரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"தம்பி, இது யாரு யாரு?" என்று கேட்டேன்.

அவனுக்கு உடனே புரிந்தது. "அப்பாவோட சாம்பல் போற வாளி, அக்கா" என்றான் மெதுவாக. "அதுல வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

"சண்டையே வேணாம்னு சொல்லியிருக்கலாமே. வாத்து பண்ணச் சொல்லியிருக்கலாம், மான் பண்ணச் சொல்லியிருக்கலாம். பண்ணினா நடந்தத பண்ணணும்."

அவன் என் கையைத் தொட வந்தான், நான் விலகிக்கொண்டேன். வாளியைக் குழிக்குள் இறக்கி, மேலே பலகைக் கல்லைப் போட்டு மூடினார்கள்.

வீட்டுக்கு வந்தும் எனக்குத் தணியவில்லை. களத்தில் அத்தனை பேருக்கு முன்னால் சொன்ன வாய், வெண்கலத்தில் ஏன் இப்படிச் சொன்னது என்று மோல்தோவிடம் கேட்டேன். அவன் தினைக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

"மண்ணுக்குள்ள போன வாளி, புள்ள" என்றான். "அத யாரு தோண்டிப் பாக்கப் போறா?"

"பாக்க ஆளில்லன்னா பொய் சொல்லலாமா?"

அவன் தோளைக் குலுக்கினான். பையன் பாவம், அவனுக்கும் ஒரு அப்பன்தானே என்றான். என் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்து, ஆறிவிடும், குடி என்றான். நான் குடிக்கவில்லை.